மாந்தோப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். பிரி கே.ஜி.யும் எல்.கே.ஜி.யும் சேர்த்து 22 பிள்ளைகள். நானும் ஓர் ஆயாம்மாவும்தான். பள்ளியிலிருந்து இரண்டு வயல் தள்ளி என் மாமனாருடைய மாந்தோப்பு இருக்கிறது. ஆடி பிறந்ததிலிருந்து புதன்கிழமைதோறும் காலையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனேன். ஒரு வாரம் இலை எண்ணுவது, ஒரு வாரம் நிறம் சொல்வது, ஒரு வாரம் பெரிசு சின்னது என்று ஏதாவது ஒன்று வைப்பேன். நாலாவது வாரம் ஒரு பையனை முசுறு எறும்பு கடித்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதான், அப்புறம் சரியாகிவிட்டான். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது கழுத்தெல்லாம் தடிப்பு. அவன் அம்மா பள்ளிக்கு வந்து, "எழுத்து சொல்லித்தரத்தான் ஃபீஸ் கட்டறோம். தோப்புல மேய விடறதுக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து பையனை அனுப்பவில்லை. மற்ற பெற்றோரும் பாம்பு இருக்கும், பூச்சி இருக்கும் என்கிறார்கள். என் கணவர், "வம்பு எதுக்கு, விட்டுடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நிறுத்திவிடுவதா, தொடர்வதா? தொடர்ந்தால் எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் வருகிற புதன்கிழமை போக வேண்டாம், அதற்கடுத்த புதனும் வேண்டாம். இந்த இரண்டு வாரத்தில் செய்யவேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. முதல் காரியம் அந்தப் பையன் வீட்டுக்கு நீங்கள் நேரில் போவது.

அந்த அம்மாவின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பிள்ளையை எறும்பு கடித்தது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. கிராமத்தில் எறும்பு கடிக்காத பிள்ளை ஏது? தன் பிள்ளைக்கு நடந்ததைச் சட்டையைக் கழற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் அவரைச் சுட்டிருக்கும். கடித்த அரைமணி நேரத்துக்குள் நீங்கள் போன் செய்து, "இப்படி ஆகிவிட்டது, கழுவி ஈரத்துணி வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறான், வந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால் அவர் பள்ளி வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார். அதனால் போகும்போது குழந்தைக் கல்வியைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். "நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது" என்று மட்டும் சொல்லுங்கள். பையனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தோப்புக்கு மறுபடி அனுப்புவாரா என்று அன்றைக்கே கேட்க வேண்டாம்.

இரண்டாவது காரியம், தோப்பை நீங்கள் தனியாகப் போய்ப் பார்ப்பது. மருமகளாக எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். இந்த முறை மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். அதாவது, உண்மையிலேயே குனிந்தும் உட்கார்ந்தும் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் பாம்பு வருகிறது, பூச்சி வருகிறது. கிணறு வரவில்லை. உங்கள் பக்கத்துத் தோப்புகளை நான் ஓரளவு அறிவேன். பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறுகள், பாதிக்கு மேல் சுற்றுச்சுவர் இல்லாதவை. சிலவற்றில் கரையோரம் புல் வளர்ந்து, விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. இப்போது பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டைகள் வேறு வந்துவிட்டன. அந்த விரிப்பு வழுக்கினால் பெரியவர்களாலேயே ஏறி வர முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு மாந்தோப்பில் முதல் ஆபத்து எது என்று கேட்டால், திறந்த கிணறு என்றுதான் சொல்வேன். உங்கள் மாமனார் தோப்பிலோ ஒட்டிய நிலத்திலோ அப்படி ஒன்று, பிள்ளை ஓடிப்போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தால், அங்கே வேலியோ சுவரோ வராமல் ஒரு பிள்ளையைக்கூட அழைத்துப்போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். மோட்டார் கொட்டகை, ஸ்டார்டர் பெட்டி, தரையில் ஓடும் ஒயர் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, பாம்பு. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே உண்டு. அதை மறைத்துப் பேசினால் பெற்றோர் உங்களை நம்ப மாட்டார்கள். பாம்பு இருக்க விரும்பும் இடம் நமக்குத் தெரியும்: கல் குவியல், காய்ந்த இலைக் குவியல், விறகு அடுக்கு, எலி வளை, உயரமாக வளர்ந்த புல். இந்த ஐந்தும் இல்லாத ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து, முந்தின நாளே பெருக்கி வைத்து, போகும் அன்று பிள்ளைகள் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஆயாம்மா ஒரு கோலால் தரையைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்துவிட்டால், அச்சத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழக்கத்தை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக்கூடாது. பொந்து, இலைக்கு அடியில், கல்லுக்கு அடியில், எதுவானாலும் முதலில் குச்சி, அப்புறம் கண், கடைசியில்தான் கை. இது தேளுக்கும் பொருந்தும். எப்போதாவது கடி ஏற்பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பிள்ளையை அசையாமல் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும், இந்த நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். இதை ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பையிலேயே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது வேலி. இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், தர்மபுரி பக்கத்தில் ஒரு சிறிய பள்ளியில் இருந்தேன். பின்பக்க வேலி முழுக்கக் காட்டாமணக்கு. ஆடு மாடு தின்னாது என்பதால் வைத்திருந்தார்கள். ஒருநாள் மதியம் ஐந்து பிள்ளைகள் வேலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காயை உடைத்துக் கொட்டையைத் தின்றுகொண்டிருந்தார்கள். வேர்க்கடலை மாதிரி இருந்ததாம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி. ஐந்து பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் பிழைத்தார்கள், மூன்றாம் நாள் ஓடியாடினார்கள். அன்றைக்கு நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள் என்று நிம்மதியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வேலியைத்தான் பார்க்கிறேன். காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி, ஊமத்தை, எருக்கு, குன்றிமணிக் கொடி, கள்ளி: இவற்றில் ஏதாவது பிள்ளை கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். குன்றிமணியை நாம் பல்லாங்குழிக்கு வைத்து விளையாடியவர்கள், அதனால் பயம் வராது. அந்த விதை உடைந்து உள்ளே போனால் கொடிய விஷம். தோப்புக்குள் எடுத்துவிடுங்கள், வேலியில் எடுக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

இன்னொன்றை நீங்களே மாமனாரிடம் கேட்க வேண்டும், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும். மருந்து எப்போது அடிக்கிறீர்கள்? மார்கழி, தை மாதங்களில் மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்காத தோப்பு நம் பக்கம் குறைவு. ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை. பிள்ளைகளோ பூவைத் தொடுவார்கள், இலையைக் கடிப்பார்கள், விரலை வாயில் வைப்பார்கள். முதல் மருந்து அடித்ததிலிருந்து கடைசி மருந்து அடித்து நல்ல இடைவெளி போகும்வரை அந்தத் தோப்பு உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி டப்பாக்கள் மரத்தடியில் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த மாதங்களுக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரமோ புங்கமரமோ போதும். ஒரு மரம்கூட இல்லையென்றால் ஒரு மண்மேடும் நாலு பாத்திக் கீரையும் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற ஆசிரியைகள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ராகி கதிர் முற்றும் மாதங்களில் யானை நடமாட்டம் பற்றி ஊரில் விசாரிக்காமல் காட்டோரம் போகவே வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதைப் பார்த்து உங்களுக்குக் கை நடுங்கலாம். ஆனால் இது ஒரே ஒரு தடவை செய்கிற வேலை, காரணம் நீங்கள் ஒரே இடத்துக்குத்தான் போகப்போகிறீர்கள். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கிற பதிலும் இதுதான். தோப்பு முழுக்கச் சுற்ற வேண்டாம். ஒரு மரம், அதைச் சுற்றி ஒரு வகுப்பறை அளவு நிலம், வருடம் முழுக்க அதே இடம். நாலு பக்கமும் சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள், அதைத் தாண்டக்கூடாது என்பதைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். ஒரு ஆட்டுமணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் எங்கே இருந்தாலும் மரத்துக்கு ஓடி வந்து தொட வேண்டும். முதல் இரண்டு வாரம் இதையே விளையாட்டாக ஆடுங்கள். ஆபத்து நேரத்தில் கத்திக் கூப்பிடுவதைவிட இது எத்தனையோ மேல்.

நீங்கள் எழுதிய பாடங்களைப் பார்த்தேன். இலை எண்ணுதல், நிறம், பெரிசு சின்னது. உழைத்துத் தயார் செய்திருக்கிறீர்கள். ஆனால் இதெல்லாம் வகுப்புக்குள்ளேயே நடக்கக்கூடியது. வெளியே போனபின் பிள்ளையின் கண் எங்கே போகிறதோ அங்கே நாம் போக வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாலக்கோடு பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் பார்த்த நாலு வயதுப் பெண் குழந்தை.

அங்கே ஒரு புளியமரம். அடியில் மாவு மாதிரி புழுதி. அதில் புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் நம் கட்டைவிரல் நகத்தளவு. குழியானையின் குழிகள். அந்தக் குழந்தை அதன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஓர் எறும்பு வந்தது, விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது. எறும்பு ஏறப் பார்த்தது. குழியின் அடியிலிருந்து யாரோ ஊதியதுபோல மண் தெறித்தது. எறும்பு மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை எறும்பைக் காணோம். அவள் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அங்கன்வாடிப் பணியாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் வந்ததும் நேரே அதே இடம். அதற்கடுத்த வாரத்துக்குள் நல்ல மழை. குழிகள் இல்லை, புழுதி சேறாகிவிட்டது. "எங்க போச்சு?" என்று அவள் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நாங்கள் சேர்ந்து தேடினோம். மரத்தைச் சுற்றித் தேடி, வேலியோரம் தேடி, கடைசியில் கட்டடத்துத் தாழ்வாரத்தின் அடியில், மழை படாத காய்ந்த மண்ணில், அவள்தான் கண்டுபிடித்தாள். "இங்க நனையாதுல்ல, அதான்" என்றாள். மழைக்கும் மண்ணுக்கும் ஒரு பூச்சியின் வீட்டுக்கும் உள்ள தொடர்பை நாலு வயதில் தானாகக் கட்டிவிட்டாள். அதற்கு அவளுக்கு மூன்று வாரமும் ஒரே இடமும் வேண்டியிருந்தது. முதல் நாளே நாங்கள், "இது ஒரு பூச்சியோட குஞ்சு, பெரிசானா தும்பி மாதிரி பறக்கும்" என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரிதான், ஆனால் அவள் தேடியிருக்க மாட்டாள். அந்த விவரத்தைச் சொன்னோம், பிறகு, அவளாகக் கேட்டபோது.

ஒரே மாமரத்தடியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். பள்ளி திறக்கும்போது நீலமும் பெங்களூராவும் இன்னும் மரத்தில் தொங்கும். அப்புறம் ஆடிக்காற்று, உதிர்ந்த சருகு. அறுவடை முடிந்து மழை பெய்தால் துளிர் விடும்: முதலில் செம்பு நிறம், சில நாளில் வெளிர்பச்சை, அப்புறம் கரும்பச்சை. மூன்று நிறமும் ஒரே கிளையில் இருக்கிற வாரம் ஒன்று வரும். அன்று பிள்ளைகளே இலையை வரிசையாக அடுக்குவார்கள். நீங்கள் வைத்திருந்த நிறப் பாடம் அங்கே தானாக நடக்கும். நிறத்தோடு அவர்களுக்குக் காலமும் சேர்ந்து புரியும். மழைக்குப் பிறகு மரவட்டை, மண்புழு, நத்தை. மார்கழியில் பனி இறங்கிய சிலந்தி வலையை வழியிலேயே காட்டலாம்.

முசுறுவையும் விட்டுவிடாதீர்கள். மறுபடி தொடங்கும்போது அதைத்தான் முதலில் காட்டச் சொல்வேன். கூடு உள்ள கிளையிலிருந்து பெரியவர் ஐந்து அடி எடுத்து வைக்கும் தூரம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். இலைகளை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கிற எறும்புகள் ஒரு பக்கம், தங்கள் புழுவையே வாயில் கவ்வி அதன் எச்சில் நூலால் இலையைத் தைக்கிற எறும்புகள் இன்னொரு பக்கம். தையல்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருந்தால் அன்று அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். எது கடிக்கும், ஏன் கடிக்கும், எவ்வளவு தூரத்தில் நின்றால் கடிக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த மரத்தில் மறுபடி யாரும் போய்ச் சாய மாட்டார்கள். உட்காருகிற மரம் மட்டும் முசுறு இல்லாத மரமாக இருக்கட்டும்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் நிறைய, கன்னடம், உருதும் உண்டு. வகுப்புக்குள் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே ஒருவன் "எறும்பு" என்பான், ஒருத்தி "சீம" என்பாள், இரண்டு பேரும் ஒரே எறும்பைக் காட்டுவார்கள். இரண்டையும் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். பேசாத பிள்ளை பேசத் தொடங்குவது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

இனி, "எழுத்து எப்போது?" என்ற கேள்வி. பெற்றோரைக் குறைசொல்லிப் பயனில்லை. கூலி வேலை செய்து, மாம்பழக்கூழ் ஆலைக்குப் போய், ஓசூர் கம்பெனி ஷிப்டுக்குப் போய் ஃபீஸ் கட்டுகிறார்கள். பிள்ளை கையில் சேற்றோடு வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களிடம் வெளிநாட்டு உதாரணம் சொல்லத் தொடங்காதீர்கள். 1837-ல் பிரடெரிக் பிராபெல் என்ற ஜெர்மானியர் தொடங்கிய பள்ளிக்குத்தான் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வந்தது, அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள், எல்.கே.ஜி.யில் இருக்கிற 'கே.ஜி.' அதுதான் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும். அவர்களிடம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுங்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் மணலைப் பரப்பி விரலால்தான் 'அ' போட்டார்கள். விஜயதசமிக்கு இன்றும் அரிசியில்தான் விரல் வைக்கிறோம். பென்சில் பிடிக்க விரலுக்குப் பலம் வேண்டும், புளியங்கொட்டையைப் பொறுக்கி எடுத்து, ஈர மண்ணை உருட்டி, குச்சியால் தரையில் கோடு இழுத்த விரலுக்கு அது வந்துவிடும். ஐப்பசி மழையில் மண் பதமாக இருக்கும்போது ஒருநாள் தரையில் பெரிதாக ஒரு 'ட' போட்டுப் பாருங்கள், அதன் மேலேயே நடக்க வருவார்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் எழுத்தைக் கொண்டுவந்து நுழைக்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று கேளுங்கள். அது சொல்வதை, அது சொன்னபடியே, கொச்சையாக இருந்தாலும், ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அதன் முன்னாலேயே விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். 'எறும்பு சாமான் தூக்கிட்டு அதோட ஊட்டுக்குப் போச்சு.' அந்த நோட்டை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்கள். தன் பிள்ளை சொன்ன வாக்கியம் எழுத்தாக வந்திருப்பதைப் பார்க்கிற அம்மா, வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும், யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பேசினது எழுத்தாகும், எழுத்து பேச்சாகும் என்பது பிள்ளைக்குப் புரிவதுதான் எழுத்தின் தொடக்கம். வாட்ஸப் குழுவில் படம் போடுவதைவிட இந்த நோட்டு ஆயிரம் மடங்கு மேல். மற்றவர் பிள்ளையின் படத்தைக் குழுவில் போடுவது எனக்கு எப்போதுமே ஒப்பாத காரியம்.

கண்ணைப் பற்றி யாராவது கேட்டால் ஒன்று சொல்லலாம். சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் பள்ளி நேரத்தில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 100-க்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. 2015-ல் வெளியான ஆய்வு. கவனியுங்கள், அது தினமும் 40 நிமிடம். புதன்கிழமை ஒரு மணி நேரத்தால் அது நடக்காது. ஆகவே மற்ற நாள்களிலும் காலை வெயில் ஏறுமுன் முற்றத்தில் அரைமணி நேரமாவது விளையாட விடுங்கள்.

மண்ணில் விளையாடினால் உடம்புக்கு நல்லது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் நம் ஊர் மண்ணில் கொக்கிப்புழுவும் இருக்கிறது. தோப்பில் யாராவது வெளிக்குப் போகிற வழக்கம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உண்டென்றால் அந்த இடம் வேண்டாம். காலில் மூடிய ஷூ. வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தின்பண்டம் கிடையாது. அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் உங்கள் பிள்ளைகளும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தோப்பு போர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பால்பல்லுக்கு அடியில் நிலைப்பல் உருவாகிற வயது இது, ஃபுளோரைடு மிகுந்தால் அந்தப் பல் கெட்டுவிடும். குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

22 பேருக்கு நீங்களும் ஆயாம்மாவும் போதாது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பையனை எறும்பு கடித்த நேரத்தில் மீதி 21 பேரை யார் பார்த்தார்கள்? இரண்டு குழுவாகப் பிரியுங்கள். புதன்கிழமை 11 பேர், வியாழக்கிழமை 11 பேர். உள்ளே இருக்கிற பிள்ளைகளோடு ஆயாம்மா இருப்பார் என்பதால், வெளியே உங்களோடு வர இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். பிள்ளைகளின் பாட்டிகளைக் கேளுங்கள். காசு கொடுக்க வேண்டியிருக்காது, ஒரு காபி போதும். கொடுக்காப்புளி எப்போது பழுக்கும், எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் குருவி எப்போது கூடு கட்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்காத அந்த விஷயங்களை அவர்கள் உட்கார்ந்து சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு லாபமும் உண்டு. தோப்பில் என்ன நடக்கிறது என்பதை ஊரில் சொல்ல அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. வரப்பில் நடக்கும்போது, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளக் கயிறு ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டும். ஆளுக்கொரு முடிச்சு, முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர்.

ஒன்பதரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். மாசி பாதியிலிருந்து அதையும் முக்கால் மணி நேரம் முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் வெயில் தெரியும். இடியோ பலத்த காற்றோ இருந்தால் மரத்தடியே வேண்டாம். லேசான தூறலுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் சரி.

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அதில் என்னென்ன நடக்கலாம் என்பதை உள்ளபடி எழுதுங்கள்: விழலாம், சிராய்க்கலாம், எறும்பு கடிக்கலாம், என்ன நடந்தாலும் உடனே போன் வரும். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளை உள்ளே ஆயாம்மாவோடு இருக்கட்டும், அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். யாருக்காவது வீசிங் இருக்கிறதா, தேனீ கொட்டினால் ஒத்துக்கொள்ளாதா என்பதையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. அவர் உங்களுக்காகப் பயப்படுகிறார். கிணற்றுக்கு வேலி போடுகிற வேலையை அவரிடமே கொடுங்கள், மருந்து அடிக்கிற தேதியை அப்பாவிடம் கேட்டுச் சொல்கிற வேலையையும் சேர்த்து.

அந்தப் பையன் திரும்பி வருவான் என்று நம்புகிறேன். வந்தால் முதல் நாள் கயிற்றில் உங்களுக்குப் பக்கத்து முடிச்சை அவனுக்குக் கொடுங்கள். மரத்துக்கு அருகில் வரத் தயங்கினால் சிவப்புத் துணிக்குப் பக்கத்திலேயே பாட்டி யாராவது ஒருவரோடு உட்காரட்டும். கூப்பிட வேண்டாம். அடுத்த வாரமும் அங்கேயே உட்கார்ந்தாலும் விடுங்கள். அன்று அவன் நோட்டில் அவன் என்ன சொல்கிறானோ அதை எழுதுங்கள், எறும்பைத் திட்டினாலும் அப்படியே.